இமை திறவாத ஓவியம்

கற்றறிந்த அன்பரே, பழனிமலைத் தொடரின் சரிவுகளெங்கும் வெண்மஞ்சு இறங்கிப் பேரிக்காய் மரங்களின் கிளைகளைப் போர்த்த, மேல்மலை முகட்டுக்கு அப்பால் கதிரவன் சாய, வடகவுஞ்சியின் ஓட்டுக்கூரைகள் ஒவ்வொன்றாய் ஒளியிழந்துகொண்டிருந்த மாலைப்பொழுது அது.

அவ்வூரின் மேற்கோரத்து இல்லத்தில், ஓவியர் சிவமுருகன் தாம் ஏழு திங்களாய்த் தீட்டிய படத்தின்முன் தூரிகை தாழ்த்தி நின்றார். காதலனாற் கைவிடப்பட்டுப் பூச்சூடிப் புனல் புகுந்த பழங்கதைத் தலைவி ஒருத்தியை, கூடலுக்குரிய குறிஞ்சி கூந்தலில் வாடிக் கிடக்க, இரங்கலுக்குரிய நெய்தல் மார்பின்மேல் மலர்ந்திருக்க, மூடிய இமைகளோடு நீரில் மிதக்கவிட்டிருந்தார். அவர்தம் ஒரே மகள் தமிழ்மதியும், மணம் பேசிய இளைஞன் மறுத்துச் சென்றபின், மூன்றாண்டுகளுக்கு முன் மலையோடையில் உயிர்நீத்தவள். அன்றுமுதல் அவள் பெயரை அவ்வில்லத்தில் எவரும் உரைத்ததில்லை.

சுக்குநீர் கொணர்ந்த மனைவி முருகேஸ்வரி படத்தைக் கண்டு வாயிலிலேயே நின்றாள்.

“கதையில வர்ற பொண்ணுன்னு சொன்னீங்க. இது நம்ம மதியில்லங்களா?”

“நெய்தப்பூ துக்கத்துக்கு உள்ளது, முருகேசு. அதான்...” என்று அவர் மலர்களைச் சுட்டி மழுப்பினார்.

“பூ கெடக்கட்டுங்க. எம்புள்ள கண்ண ஏன் மூடிப்புட்டீங்க? ஒருதடவ தெறந்து வைங்க, பாத்துக்கிறேன்.”

மறுநாள் வைகறை தொட்டு ஒன்பது நாள் அவர் முயன்றார். ஒருநாள் வரைந்தவை மனைவியின் விழிகளாயின. பின்னர் வரைந்தவை முகமறியா மங்கையருடையவை ஆயின. மகளின் பழைய நிழற்படங்களில் இருந்தவையோ சிறுமிப் பருவத்துச் சிரிக்கும் கண்கள். அவள் வாழ்ந்த கடைசித் திங்களின் கண்கள் அவற்றுள் எதிலும் இல்லை.

பத்தாம் நாள் தூரிகையைக் கழுவி வைத்தார்.

“அந்தக் கடைசி மாசம் எம்பின்னாடி வந்து வந்து நின்னா, முருகேசு. சோலி கெடக்குன்னு நான் திரும்பவே இல்ல. அவ கண்ணு எப்பிடி இருந்துச்சுன்னு எனக்குத் தெரியல.”

முருகேஸ்வரி சினந்திலள், அழுதிலள்.

“எங்கிட்டயும் வந்தா. அடுப்புல வேலையா இருந்தேங்க,” என்றாள்.

அவர் இமைகளை மீண்டும் மூடி வரைந்தார். தொலைநகரத்துக் காட்சிக்கூடத்தில் அப்படத்தைக் கண்டோர், நெய்தலின் பொருளையும் குறிஞ்சியின் வாட்டத்தையும் நெடிது வியந்துரைத்தனர். பெற்றோர் இருவரும் அங்குச் சென்றிலர். துயருக்கேற்ற மலரைத் தேர்ந்தணிவிக்கக் கலை அறியும். அருகில் வந்து நின்ற துயரைத் திரும்பிப் பாராதவர்க்கோ, அன்பரே, அது மறுமுறை வந்து நிற்பதில்லை.