மாமனார் வீட்டு வாழை

எனக்கு வயிறு எரிந்தது. எங்கள் வீட்டு நாற்காலியில் ஜெரிக்கோ கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்க, என் மனைவி எடிதா அவனுக்குக் கலமன்சி எலுமிச்சைச் சாறு பிழிந்து ஐஸ் போட்டுக் கொடுத்தாள். என் மகள் ரியாவைக் கட்டிக்கொள்ள ஆசையாம். அதற்காக என்ன கிழித்தான்? கைப்பேசியைத் தட்டினான். மோட்டார் சைக்கிளில் எவனோ வந்து சுட்ட கோழியை வாசலில் இறக்கிவிட்டுப் போனான். அவ்வளவுதான்.

"பையனுக்கு எவ்வளவு பொறுப்பு, பாத்தீங்களா?" என்றாள் எடிதா.

பொறுப்பாம்! நான் எடிதாவைக் கேட்டுப் போன காலத்தில் எங்கள் படாங்காஸ் பக்கம் வழக்கமே வேறு. பெண் வேண்டுமென்றால் பெண் வீட்டில் விறகு வெட்ட வேண்டும், தண்ணீர் சுமக்க வேண்டும், அவள் அப்பா போதும் என்று சொல்கிற வரைக்கும். அந்த மனுஷன் லேசில் சொல்லவில்லை. காலையில் நான் நிரப்பிய தொட்டி சாயங்காலம் காலியாகக் கிடக்கும். உள்ளே யானை கட்டி வளர்க்கிறார்களோ என்றுகூடச் சந்தேகப்பட்டேன். மேடு ஏறி ஏறித் தோள் காய்த்துப் போனது. சாறா? எடிதா ஜன்னல் பக்கம்கூட வரமாட்டாள். மாமனாரோ கொல்லையில் நின்று, "என் வாழைத்தார் மாதிரி இந்த ஊர்ல எவன்கிட்டயாவது இருக்கா?" என்று போவோர் வருவோரிடம் பீற்றிக்கொள்வார்.

இவனைச் சும்மா விடுவதா? மறுநாளே ஒரு வண்டி விறகு வாங்கிக் கொல்லையில் கொட்டினேன்.

"என் பொண்ணு வேணும்னா இதை வெட்டுப்பா."

"எதுக்கு மாமா? வீட்ல கேஸ் அடுப்புதானே?"

"அது என் கவலை. நீ வெட்டு!"

பாவி, சிரித்துக்கொண்டே வெட்டினான். ரியா அதைப் படம் பிடித்துப் போட்டாள். கொஞ்ச நேரத்தில் ஊரே கைப்பேசியில் அவனை மெச்சியது. நான் சுமந்தபோது தெருநாய்தான் பார்த்தது. போதாக்குறைக்கு எடிதா ஓடிவந்து அவன் உள்ளங்கையில் தேங்காயெண்ணெய் தடவினாள்.

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

"என் தோளுக்கு என்னைக்காவது எண்ணெய் தடவினியாடி? மாடு மாதிரி சுமந்தேனே, ஒரு நாளாவது உனக்கு என் மேல அக்கறை இருந்துச்சா?"

எடிதா கிண்ணத்தைக் கீழே வைத்தாள். இந்த வயதிலும் அவள் முகம் சிவந்தது.

"தொட்டி காலியாகலேன்னா சாயங்காலம் நீங்க வரமாட்டீங்களே."

"அதனால?"

"மதியம் அப்பா கண்ணசந்ததும் நான்தான் தண்ணியை மொண்டு மொண்டு வெளிய ஊத்துவேன்."

ரியா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். மறுபடி வெட்டப் போன ஜெரிக்கோ கோடரியை ஓங்கியபடியே நின்றுவிட்டான். கோபப்படுவதா, அவளை அணைத்துக்கொள்வதா என்று எனக்குப் புரியவில்லை.

"எங்கடி ஊத்தினே அவ்வளவு தண்ணியையும்?"

"வாழைக்குத்தான்."