குள்ளனுக்குத்தான் கோபம்

விளையாட வந்து உட்கார்ந்த கால் மணி நேரத்தில் ஒரு கிழவரைக் குத்திக் கொன்றுவிட்டேன்.

என் தரப்பு நியாயத்தையும் கொஞ்சம் கேளுங்கள். அவர் சத்திரத்தின் இருட்டு மூலையில், முக்காடு போட்டுக்கொண்டு, யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருந்தார். கல்லூரி விடுதியில் நாங்கள் இந்த விளையாட்டை ஆடிய காலத்தில், மூலையில் முக்காடோடு உட்கார்ந்திருப்பவன் எவனாக இருந்தாலும் எதிரிதான். முதலில் குத்துவோம், விசாரணையெல்லாம் பிறகு. அந்தப் பழக்கதோஷத்தில், "வாளை உருவிக் குத்தறேன்" என்று சொல்லிப் பகடையை உருட்டினேன். இருபது முகமுள்ள பகடை. மற்ற நாளில் என் பேச்சை எதுவும் கேட்காது. அன்றைக்குப் பார்த்து இருபதே விழுந்தது, குத்து தப்பவே தப்பாது என்று அர்த்தம்.

மேஜையைச் சுற்றியிருந்த எல்லாரும் டீச்சரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

கதையை நடத்துகிற கணக்கு டீச்சர், தன் முன்னால் நிறுத்திவைத்திருந்த அட்டைத் தடுப்புக்கு மேலாக என்னைப் பார்த்தார். பள்ளியில் கடைசி பெஞ்சை எப்படிப் பார்ப்பாரோ, அப்படி. பின்னால்தான் தெரிந்தது, அந்தக் கிழவரிடம்தான் நாங்கள் தேடிப்போகிற வரைபடம் இருக்கும் இடத்தின் ரகசியம் இருந்ததாம். டீச்சர் அவருக்கென்று தனியாக ஒரு கரகரப்புக் குரல் வேறு பழகி வைத்திருந்தாராம். பாவம், அந்தக் குரலுக்கு ஒரு வசனம்கூடக் கிடைக்கவில்லை.

"சரி. அவர் செத்துட்டார்," என்றார் டீச்சர். "இப்ப நீங்க என்ன பண்றீங்க?"

நான் பதில் சொல்வதற்குள் பக்கத்திலிருந்து ஒரு குரல் வந்தது. "டேய், அறிவிருக்காடா உனக்கு?"

சொன்னது என் மனைவி.

இங்கேதான் என் குழப்பம் ஆரம்பித்தது. கல்யாணமான நாளிலிருந்து என்னை ஒரு முறைகூட 'டேய்' என்று கூப்பிட்டவள் இல்லை அவள். ஆனால் மேஜையில் அவள் என் மனைவியும் இல்லை. கோடாலி தூக்கிய ஒரு குள்ளன். தாடி இடுப்பு வரைக்கும், வாய் அதைவிட நீளம். திட்டியது குள்ளனா, அவளா?

விவரம் தெரியாதவர்களுக்காக: இது ஆளுக்கொரு பாத்திரம் எடுத்துக்கொண்டு, உட்கார்ந்த இடத்தில் இருந்தபடியே வாயால் காடு மலையெல்லாம் சுற்றிவருகிற விளையாட்டு. ஒருவர் கதையை நடத்துவார். என்ன செய்கிறோம் என்று மற்றவர்கள் சொல்ல வேண்டும். செய்தது பலித்ததா, பல்லைக் காட்டியதா என்பதைப் பகடை சொல்லும். விடுதியில் விடிய விடிய ஆடியிருக்கிறேன். பிறகு வேலை, கல்யாணம், வீட்டுக் கடன் என்று ஆனபின் என் வாளை எங்கே வைத்தேன் என்றே மறந்துபோயிற்று.

நான் பல் செய்கிறவன். டாக்டர் இல்லை, டாக்டர் அனுப்புகிற அச்சைப் பார்த்து லேபில் உட்கார்ந்து பல் செட்டும் கேப்பும் செய்து கொடுப்பவன். நாள் முழுக்க முகம் தெரியாதவர்களின் பற்களோடு குடித்தனம். அவை பதிலுக்குப் பேசாது. மனைவிக்கு வேலை வாஷிங் மெஷின் கம்பெனி ஒன்றின் புகார்ப் பிரிவில். நாள் முழுக்க முகம் தெரியாதவர்கள் அவளைத் திட்டுவார்கள், அவள் 'உங்கள் சிரமம் புரிகிறது சார்' என்பாள். அவளுக்குக் கழுத்து வலி வந்து பிசியோதெரபிக்குப் போனதில்தான் இந்தக் கூட்டம் அவளுக்கு அறிமுகம். சனிக்கிழமை மதியம் க்ளினிக்கை மூடியதும், உள்ளறையில் சிகிச்சைக் கட்டில்தான் மேஜை. சுவரில் முதுகெலும்புப் படம். நாற்காலி பற்றாத நாளில் யாராவது ஒருவர் உடற்பயிற்சிப் பந்தின் மேல் ஆடிக்கொண்டே உட்கார வேண்டும். அந்த யாராவது, நான் சேர்ந்த நாள் முதல், நான்தான்.

கூட்டத்தில் வில் பிடித்தவர் ஒருவர் வேலை மாறிப் போனதும் ஓர் இடம் காலியானது. நான் ஒரு காலத்தில் ஆடியவன் என்று தெரிந்து டீச்சர் கூப்பிட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. "போகட்டுமா?" என்று மனைவியிடம் கேட்டேன்.

"உன் இஷ்டம்," என்றாள்.

கல்யாணமான எவனுக்கும் தெரியும், இந்த ஒரு பதிலுக்கு மட்டும் இன்னும் எந்த ஊரிலும் உரை எழுதப்படவில்லை. நான் எனக்குச் சாதகமான பொருளை எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்தேன். உட்கார்ந்து, கிழவரைக் கொன்றேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் எப்போதும் போல இருந்தாள். துணி மடித்தாள். நானும் எதிரில் உட்கார்ந்து தலையணை உறையை மடிப்பதுபோல் நடித்தேன்.

"கோவமா?"

"யாருக்கு?"

"உனக்குத்தான்."

"எனக்கென்ன கோவம். குள்ளனுக்குத்தான் கோவம்."

"அவன் எப்ப சமாதானமாவான்?"

"அதை அவன்கிட்டதான் கேக்கணும்."

"சரி, கூப்பிடு."

"சனிக்கிழமைதான் வருவான்," என்று சொல்லிவிட்டு, நான் மடித்த உறையை உதறி மறுபடி மடித்தாள்.

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் எனக்கு அந்த வாரம் முழுக்க வேலை ஓடவில்லை. ஒரு முன்பல்லுக்கு நிறம் தப்பாகக் கொடுத்து, டாக்டர் திருப்பியனுப்பினார். இதற்குப் போய் இவ்வளவா என்று நீங்கள் கேட்கலாம். எனக்கு அந்த மேஜை தேவைப்பட்டது. நண்பர்கள் என்று எனக்கு இருந்தவர்கள் எல்லாரும் இப்போது பிறந்தநாள் வாழ்த்து அனுப்புகிறவர்கள் ஆகிவிட்டார்கள். எத்தனையோ வருஷம் கழித்து ஒருவர் என் முகத்தைப் பார்த்து, 'நீங்க என்ன பண்றீங்க?' என்று கேட்டு, பதிலுக்குக் காத்திருந்தார். அது வேண்டும் எனக்கு. ஆனால் அவளுக்கு நான் அங்கே வேண்டுமா? அது தெரியாமல் அந்தப் பந்தின் மேல் எப்படி ஆடாமல் உட்காருவது?

அடுத்த சனிக்கிழமை குள்ளனைத் தாஜா பண்ணுவதென்று முடிவு செய்தேன். வழியில் ஓர் ஆறு வந்தது. குள்ளர்களுக்கு நீச்சல் வராது. "முதுகுல ஏறிக்கோ, நான் தூக்கிட்டுப் போறேன்," என்றேன், என் வீரனின் கம்பீரக் குரலில்.

"வேண்டாம். நானே போய்க்கறேன்," என்றான் குள்ளன்.

பகடையில் மூன்று விழுந்தது. நடு ஆற்றில் மூழ்கினான். நான் குதிக்கிறேன் என்றேன். டீச்சர் அட்டைக்கு மேலாகத் தலையை நீட்டி, "உறுதியா?" என்றார். அவர் 'உறுதியா' என்று கேட்டால் எவனும் ஒரு முறை பின்வாங்கப் பார்ப்பான். உறுதிதான் என்று குதித்து, தாடியைப் பிடித்து இழுத்துக் கரை சேர்த்தேன். நன்றி சொல்வான் என்று பார்த்தால், குள்ளன் அதன்பிறகு வாயே திறக்கவில்லை. எது கேட்டாலும் "ம்". என் மனைவி கட்டிலின் விளிம்பில் ஒட்டியிருந்த பிளாஸ்டரை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

கொன்றாலும் கோபம், காப்பாற்றினாலும் கோபம். வேறு என்னதான் செய்வது?

மற்றவர்களிடம் துப்பு கிடைக்குமா என்று பார்த்தேன். டீச்சரிடம், நான் வருவது அவளுக்குப் பிடிக்கவில்லையோ என்று கேட்டால், "நீங்க என்ன நினைக்கிறீங்க?" என்றார். எதையும் நேராகச் சொல்லாமல் கேள்வியைத் திருப்பிப் போடுவது கதை நடத்துகிறவர்களின் தொழில் தர்மம். டீச்சர் அதைக் காய்கறிக் கடையிலும் கடைப்பிடிப்பார் என்று நினைக்கிறேன். க்ளினிக்கை நடத்துகிற, எங்களோடு ஆடுகிற பிசியோ மேடத்திடம் கேட்டேன். அவர் என் தோளைத் தொட்டுப் பார்த்து, "ரொம்ப இறுகிப் போயிருக்கு சார், ஒரு நாள் வாங்க," என்றார். நான் கேட்டது தோளைப் பற்றி இல்லை.

மிச்சம் லிஃப்ட்காரர். பகலில் லிஃப்ட் ரிப்பேர் பார்ப்பவர், பூதாகரமான ஆள். விளையாட்டில் வன தேவதைகளின் இளவரசி. மூன்றாவது சனிக்கிழமை, இடைவேளையில் அவர் டம்ளர்களைக் கழுவிக்கொண்டிருந்தார். பக்கத்தில் போய்த் துடைக்கிற சாக்கில் நின்றேன்.

"குள்ளன் எப்பவுமே இப்படி உம்முனுதான் இருப்பானா?"

"ஐயோ, இல்ல சார். அவன் இருந்தாலே கலகலன்னு இருக்கும். பயம் வந்தா ஜோக் அடிக்க ஆரம்பிச்சிடுவான். குகைக்குள்ள போற நேரத்துல, கதவைப் பூட்டினேனான்னு திரும்பி ஓடிப்போய்ப் பாப்பான். சண்டை போட வந்தவன்கிட்ட, உன் கடைவாய்ப் பல்லு கொஞ்சம் தேஞ்சிருக்கே, ராத்திரி பல்லை நறநறன்னு கடிக்கறியான்னு கேப்பான் சார், நாங்கல்லாம் விழுந்து விழுந்து..."

அங்கே நிறுத்தினார். என்னைப் பார்த்தார். கையிலிருந்த டம்ளரைப் பார்த்தார். ஏற்கெனவே கழுவிய டம்ளரை மறுபடி கழுவ ஆரம்பித்தார்.

எனக்கு உறைக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. பல்லைப் பார்க்கிறவன் நான். கதவைத் திரும்பிப் போய்ப் பார்க்கிறவன் நான். வீட்டுக் கடன் தவணை தவறிய மாதம், அவள் அழுதுகொண்டிருந்தபோது, ஜோக் அடித்தவனும் நான்தான்.

அவளுடைய குள்ளன் நானேதான். நான் சேர்வதற்கு ஒரு வருஷம் முன்பிருந்தே அந்தக் கட்டிலைச் சுற்றி உட்கார்ந்து என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

அன்று மிச்ச ஆட்டத்தில் என்ன நடந்தது என்று கேட்டால் சத்தியமாகத் தெரியாது. ஏதோ ஒரு பாலம் வந்தது. என் முறை வந்தபோது டீச்சர், "என்ன பண்றீங்க?" என்றார். "நிக்கறேன்," என்றேன். "நின்னு?" என்றார். "யோசிக்கறேன்." வீரன் பாலத்தின் நடுவில் யோசித்துக்கொண்டே நின்றான்; லிஃப்ட்காரரின் இளவரசிதான் ஏதோ பறவையை வரவழைத்து அவனை அப்புறப்படுத்தினாள். பந்து என் அடியில் முனகிக்கொண்டே இருந்தது. என்னைக் கேலி செய்யத்தான் அவனை உண்டாக்கினாளா? அப்படியென்றால் கோபப்பட வேண்டும். பிடித்துப்போய் உண்டாக்கினாளா? அப்படியென்றால் அகம் குளிர வேண்டும். இரண்டுக்கும் நடுவில் முகத்தை எப்படி வைத்துக்கொள்வது என்று தெரியாமல் முதுகெலும்புப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆட்டம் முடிந்து கீழே வந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. வண்டி சீட் கொதித்தது. அவள் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டு பின்னால் ஏறத் தயாராக நின்றாள்.

"குள்ளனுக்கு என்னைவிட உயரம் கம்மிதானே?" என்றேன்.

"ம்?"

"இல்ல, தாடியெல்லாம் வேற வெச்சிருக்கான். எனக்கு தாடி நல்லா இருக்காதுன்னு நீதான் சொன்னே."

ஹெல்மெட் கண்ணாடிக்குள்ளிருந்து அவள் கண் மட்டும் தெரிந்தது. "லிஃப்ட்காரர் சொல்லிட்டாரா?"

"அவர் சொல்லல. டம்ளர் கழுவினார்."

"இதோ பாரு, ஆரம்பிச்சிட்டே," என்றாள். "கேக்க வேண்டியதைக் கேக்க மாட்டே. சுத்திச் சுத்தி ஜோக் அடிப்பே."

உண்மைதான். வாயில் இன்னொரு ஜோக் தயாராக இருந்தது. நல்ல ஜோக்கும்கூட. அதை விழுங்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். வண்டிச் சாவியைப் பையில் போட்டேன்.

"என்னைக் கிண்டல் பண்ணத்தான் அவனை வெச்சிருக்கியா? நான் அங்க வர்றது உனக்கு வேணுமா, வேண்டாமா? உன் இஷ்டம்னு மட்டும் சொல்லாதே."

அவள் ஹெல்மெட்டைக் கழற்றினாள். தலைமுடியெல்லாம் ஒரு பக்கமாகப் படிந்திருந்தது. அதைச் சரி செய்யவில்லை.

"முதல்ல கிண்டலுக்குத்தான் வெச்சேன். உன் மேல அவ்வளவு கடுப்பு அப்ப. ஆனா அவனுக்குப் பேசப் பேச எனக்கு அவனைப் பிடிச்சுப்போச்சு. அவன் பயந்தா ஜோக் அடிப்பான். அடிச்சிட்டு, பயமா இருக்குன்னும் சொல்லிடுவான். அதை நான்தான் சேத்தேன்." ஹெல்மெட்டைக் கைமாற்றிப் பிடித்தாள். "நீ வரவேண்டாம். நீ எதிர்ல உக்காந்தா அவன் எனக்கு வரமாட்டேங்கறான். வாரம் பூரா ஊரான் திட்டறதைக் கேட்டுட்டு, சனிக்கிழமை அவனா உக்காந்து பேசினாத்தான் எனக்கு மூச்சே வருது. நீ வேற கூட்டம் தேடு, நானே உனக்குத் தேடித் தர்றேன். இதை எனக்கு விட்டுடு."