பெயர் மட்டும் வேண்டாம்

வங்காளத்துக் கல்லூரி ஒன்றில் முதலாண்டு மாணவர்களுக்கு ஆங்கிலத்தில் எழுதக் கற்றுக்கொடுப்பது யசோதாவின் வேலை. 'என் லட்சியம்' என்று வருஷா வருஷம் ஒரே கட்டுரையைத் திருத்தி அலுத்துப்போனவள், இந்த ஆண்டு வேறு வழியைப் பிடித்தாள். கணவனின் கொடுமைக்குத் தப்பி வந்த பெண்களுக்கான காப்பகம் ஒன்று கரியாஹாட் பக்கம் இருந்தது. அதற்கு வேண்டிய துண்டுப் பிரசுரங்களை மாணவர்கள் எழுதித் தருவார்கள்; மதிப்பெண்ணும் அதற்குத்தான். வெளியே யாரோ நிஜமாகவே படிக்கப்போகிறார்கள் என்றால் பிள்ளைகள் பொறுப்பாக எழுதும் என்று அவள் நம்பினாள்.

வகுப்பில் சாய்பிரியா மதுரையிலிருந்து வந்தவள். வங்காளம் பிடிபடாமல் கடைசி வரிசையில் தனியாக உட்கார்ந்திருப்பாள். காப்பகத்துக்குப் போன முதல் நாளே அவளுக்கு ஓர் ஆள் கிடைத்தாள். நாமக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்த விஜயலட்சுமி. கணவனுக்கு சால்ட் லேக்கில் வேலை. மாதக்கணக்கில் சைகையிலேயே காலம் தள்ளிக்கொண்டிருந்தவள், தமிழைக் கேட்டதும் சாய்பிரியாவின் கையைப் பிடித்தவள் விடவே இல்லையாம். காப்பகத்தை நடத்தும் ஷர்மிளாதி - அக்காவை அங்கே 'தி' என்பார்கள் - சொல்லிச் சொல்லி மகிழ்ந்தாள்.

"பேசிக்கிட்டே இருக்காங்க மேம்," என்றாள் சாய்பிரியா. "உங்களப் பத்தியே எழுதட்டுமாக்கான்னு கேட்டேன். எழுதிக்கோ கண்ணு, என் பேரு மட்டும் வேண்டாம்னுட்டாங்க."

அவள் எழுதி வந்தது, 'ஒரு பெண் மிகுந்த துன்பம் அனுபவித்தாள்' என்று தொடங்கியது. யசோதா ஓரத்தில் எழுதினாள்: எந்தப் பெண்? என்ன துன்பம்? எனக்குக் கண்ணில் தெரியவில்லையே.

அடுத்த வாரம் தெரிந்தது. துர்கா பூஜை அஷ்டமியன்று கீழே பந்தலில் மேளம் முழங்கிக்கொண்டிருந்ததால், மாடியில் அவள் அலறியது யாருக்கும் கேட்கவில்லை. அடி விழுந்த இடது காது அன்றோடு செவிடாயிற்று. கணவன் புதுச் சட்டை மாற்ற உள்ளே போன நேரம் பார்த்து, வெறுங்காலோடு இறங்கிக் கூட்டத்தில் கலந்துவிட்டாள். யசோதா அதை ஆசிரியர் அறையில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டினாள். ஷர்மிளாதி கண்ணைத் துடைத்துக்கொண்டு, இதையே அச்சடிப்போம் என்றாள். ஆங்கிலத்தில் என்ன இருக்கிறது என்று விஜயலட்சுமிக்குச் சொல்ல வேண்டும் என்பது மட்டும் ஒருவருக்கும் தோன்றவில்லை.

நன்கொடை கேட்டுப் பிரசுரம் சால்ட் லேக் அலுவலகங்களுக்கும் போயிற்று. பெயர் இல்லாவிட்டால் என்ன, அஷ்டமியும் காதும் அவனுக்குப் போதுமாயிருந்தன. அதில் போட்டிருந்தது காப்பகம் இருக்கும் இடமல்ல, அதன் அலுவலக முகவரிதான். அவன் அங்கே காத்து நின்று, அலுவலகத்திலிருந்து காப்பகத்துக்குக் கிளம்பிய பெண்ணின் பின்னாலேயே வந்துவிட்டான். கதவை உதைத்து, விஜயலட்சுமியின் பெயரைச் சொல்லிக் கத்தினான். போலீஸ் வந்து அவனை இழுத்துப் போகும்வரை அவள் சமையல் மேடைக்கு அடியில் சுருண்டு கிடந்தாள். அன்றே அவளை வெளியூர்க் காப்பகம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள்.

சாய்பிரியா யசோதாவிடம் வந்து நின்றாள். "காதப் பத்தி எழுதுனது நான்தானே மேம்?"

"கேட்டு வாங்கினது நான். நீ மொதல்ல எழுதினதையே விட்டிருக்கணும்."

"அது நல்லா இல்லன்னு சொன்னீங்களே."



இருவரும் ஷர்மிளாதியைப் பார்க்கப் போனார்கள். ஒரே ஒரு தடவை போனில் பேசிக்கொள்கிறோம், மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று யசோதா வங்காளத்தில் கெஞ்சினாள். ஷர்மிளாதி கோபப்படவில்லை. கதவை முழுதாகத் திறக்கவும் இல்லை.

"இனி யாருக்கும் எதுவும் தர முடியாது யசோதாதி. மாணவர்களையும் அனுப்பாதீர்கள்."

"அவள் எப்படி இருக்கிறாள்?"

"பத்திரமாக இருக்கிறாள். சாப்பிடுகிறாள். வாயைத்தான் திறப்பதில்லை. அங்கே தமிழ் தெரிந்தவர் யாருமில்லை. காது வேறு இப்படி. சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாளாம்."

பேச்சு புரியாமல் இருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்த சாய்பிரியா, யசோதாவின் புடவைத் தலைப்பைப் பிடித்தாள். "என்ன மேம் சொல்றாங்க?"

"பத்திரமா இருக்காளாம்."

"வேற?"

"அவ்வளவுதான்."

கதவு சாத்திக்கொண்டது. வழியெல்லாம் சாய்பிரியா அழுதுகொண்டே வந்தாள். அவளோடு பஸ் வரும்வரை நின்றிருந்துவிட்டு, யசோதா, தமிழ்க் குடும்பங்கள் நிறைய வாழும் லேக் மார்க்கெட்டுக்கு நடந்தே போனாள்.