உயிருடன் இருக்கிறார்

"அழாதம்மா. பன்னெண்டு மணி வரைக்கும் அழாத. உன் கால்ல வேணா விழறேன்" என்று சொல்லிக்கொண்டே மகள் அம்மாவின் வாயைப் பொத்தினாள். உள்ளங்கையில் அம்மாவின் பல் பட்டது. கிளம்பிய அழுகை வெளியே வர வழியில்லாமல் அம்மாவின் தோள்களைப் பிடித்து உலுக்கியது.

கட்டிலில் அப்பா வாய் லேசாகத் திறந்தபடி கிடந்தார். மகள் மருந்துக்கடையில் பன்னிரண்டு வருஷம் நின்றவள். மணிக்கட்டில் பார்த்தாள், கழுத்தில் பார்த்தாள், கைக்கண்ணாடியை மூக்கருகே பிடித்தும் பார்த்தாள். மணி எட்டு பத்து. இரண்டு நிமிடத்துக்கு முன்புதான், "ஃபைல்ல பேனா வச்சியா? அங்க போய் யார்கிட்டயும் பேனா கேட்டு நிக்காத" என்று முணுமுணுத்திருந்தார். அடுத்த அறையிலிருந்து பேனாவை எடுத்துக்கொண்டு வருவதற்குள் மனிதர் போய்விட்டார்.

பதினோரு மணிக்கு ஏலம். ஏலத்துக்கு வருவது இதே வீடு.

முப்பத்தொரு வருஷம் வாடகைக்கு இருந்த வீடு. முன்னறையில் அப்பாவின் பூட்டுக்கடை, பின்னால் இரண்டு அறையும் சமையலறையும். வீட்டுக்காரர் இதை வங்கியில் அடகு வைத்துவிட்டுக் கம்பி நீட்டிவிட்டார். வங்கி நோட்டீஸ் ஒட்டியது. பக்கத்து இடத்தில் கிடங்கு வைத்திருக்கும் சிமெண்ட் கடைக்காரர், இதையும் வாங்கி இடித்துச் சேர்த்துக்கொள்ள ரொம்ப நாளாகக் கண் வைத்திருந்தார். வேறு யார் எடுத்தாலும் இவர்களுக்குக் காலி செய்யப் பதினைந்து நாள் கெடு.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த வங்கிக்கு ஆஸ்தான பூட்டுக்காரரே அப்பாதான். ஏலத்துக்கு வரும் வீடுகளைப் பூட்டிவிட்டு ஆட்கள் ஓடிவிட்டால், அதிகாரிகள் அப்பாவைக் கூட்டிப்போய்த்தான் கதவைத் திறப்பார்கள். சாப்பிட உட்காரும்போது அந்தக் கதைகளைச் சொல்வார். அடுப்பில் பால் பாத்திரம் அப்படியே இருந்த வீடு, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்த வீடு. ஏலம் கேட்டவர் சுத்தியல் விழுவதற்கு முன்பே இறந்துபோன கதையையும் அவர்தான் சொன்னார். அந்த மனிதர் கொடுத்த அதிகாரக் கடிதத்தோடு அவருடைய தம்பி வந்து ஏலம் எடுத்தாராம். ஆள் காலையிலேயே போய்ச் சேர்ந்தது பிறகு தெரிந்து, ஏலமே செல்லாமல் போனதாம். "சுத்தியல் விழுந்தப்புறம் செத்தா வாரிசுக்கு வரும். அதுக்கு முன்னாடி செத்தா கடுதாசியும் அவனோடயே செத்துரும்" என்று சொல்லிவிட்டு, ஏதோ நகைச்சுவை சொன்னதுபோல் அப்பா சிரித்தார்.

அப்படிப்பட்டவர்தான் இந்த ஏலத்துக்குத் தன் பெயரைக் கொடுத்தார். மூன்று மாதமாகப் படுக்கை, இதயம் கால்வாசிதான் வேலை செய்கிறது என்று மருத்துவர் சொல்லியாகிவிட்டது. மகள் படித்துப் படித்துச் சொன்னாள், "என் பேர்லயே குடுத்துரலாம்ப்பா." அவர் மசியவில்லை. "ஊர்ல பாதி வீட்டைத் திறந்துவிட்டவன் நான். என் பேர்ல ஒரு வீடு ஒரு நாளாவது இருந்துட்டுப் போகட்டுமே." சரி என்று அதிகாரக் கடிதம் மட்டும் மகள் பெயருக்கு எழுதிக் கையெழுத்துப் போட்டார். அம்மாவின் நகையும் மகளின் சேமிப்பும் முன்பணமாக வங்கியில் போய் உட்கார்ந்தன.

இப்போது அவர் மேல் அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. இன்னும் நாலு மணி நேரம் இருக்கக்கூடாதா? அப்படி என்ன அவசரம்?

"நீ போகப்போறியா?" என்று அம்மா கையை விலக்கிவிட்டுக் கேட்டாள். கேட்ட விதத்தில் அருவருப்பும் இருந்தது, கெஞ்சலும் இருந்தது.

"போகலேன்னா இவரை எங்கேருந்தும்மா எடுக்கிறது? இன்னொருத்தன் வீட்லேருந்தா?"

 அம்மா போர்வையை அப்பாவின் மார்புவரை இழுத்துவிட்டாள். பிறகு, "டிவியப் போட்டுட்டுப் போ" என்றாள்.

பக்கத்து வீட்டுத் தையல்காரம்மாவுக்குக் காது ரொம்பக் கூர்மை. மகள் கிளம்பும்போது அவள் வாசலில் நின்று, "அப்பா எப்படி இருக்காரு?" என்று கேட்டாள். "தூங்கறாருக்கா, எழுப்பாதீங்க" என்று சொல்லிவிட்டு மகள் செருப்பை மாட்டினாள். முதல் பொய் அவ்வளவு சுலபமாக வந்தது அவளுக்கே பயமாக இருந்தது.

வங்கியின் மாடியில் ஒரு நீள அறை. பிளாஸ்டிக் நாற்காலிகள், ஓரத்தில் தண்ணீர் கேன், சுவரில் ஓடாத கடிகாரம். ஏலம் கேட்க அவளோடு சேர்த்து ஏழு பேர் வந்திருந்தார்கள். ஏல அதிகாரி அவளைப் பார்த்ததும் எழுந்தே வந்துவிட்டார்.

"வாம்மா. அப்பா எப்படி இருக்காரு? அவரு இல்லாம எங்களுக்குக் கை ஒடிஞ்ச மாதிரி இருக்கு. புதுசா ஒருத்தன் வர்றான், பூட்டைத் திறக்கச் சொன்னா கதவையே பேத்து வச்சுடறான்."

"இருக்காரு சார்."

"இந்தப் படிவத்துல ஒரு வரி மட்டும் உன் கையால எழுதிக் குடுத்துரு. பழைய பிரச்சினை ஒண்ணு ஆச்சுல்ல, அதுலேருந்து அதிகாரக் கடிதத்தோட வர்றவங்க எல்லாரும் எழுதணும்னு வச்சிருக்கோம்."

எழுதவேண்டிய வரியை மேலே அச்சடித்திருந்தார்கள். 'எனக்கு அதிகாரம் அளித்தவர் இன்றைய தேதியில் இந்நேரம் உயிருடன் இருக்கிறார்.' அப்பா சொன்ன கதை ஒரு வரியாக மாறி அவள் முன்னால் வந்து நின்றது. பேனாவைத் திறந்தாள். 'உயிருடன்' என்று எழுதியதும் கை நின்றுவிட்டது. அதிகாரி பார்க்கிறாரோ என்று தோன்ற, ஒரே இழுப்பில் மீதியையும் எழுதிக் கையெழுத்துப் போட்டாள். படிவத்தை வாங்கிக்கொண்டு அவர், "கவலைப்படாத, நல்லபடியா நடக்கும்" என்றார். நல்ல மனிதர். அவர் நல்லவராக இருந்தது அவளை இன்னும் கேவலமாக உணரவைத்தது.

ஏலம் ஆரம்பித்துப் பத்தே நிமிடத்தில் ஐந்து பேர் கழன்றுகொண்டார்கள். மிச்சம் அவளும் சிமெண்ட் கடைக்காரரும். அவர் அலட்டிக்கொள்ளாமல், வெற்றிலை பாக்கு வாங்குகிறவர்போல் ஏல அட்டையைத் தூக்கிக்கொண்டிருந்தார். அவளுடைய எல்லை வந்தது. அதற்கு மேல் ஒரு தடவை தூக்கினாள், மருந்துக்கடை முதலாளியிடம் முன்சம்பளம் கேட்கலாம் என்று. இன்னொரு தடவை தூக்கினாள், யாரிடம் கேட்பது என்றே தெரியாமல். அவர் மறுபடி தூக்கினார். 

அதிகாரி தண்ணீர் குடிக்க ஐந்து நிமிடம் விட்டார். சிமெண்ட் கடைக்காரர் நாற்காலியை இழுத்துக்கொண்டு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். அப்பாவை அண்ணன் என்று கூப்பிடுகிறவர். அவள் அவரைச் சித்தப்பா என்பாள்.

"உன்கிட்ட இதுக்கு மேல இல்லைன்னு எனக்குத் தெரியும்" என்றார். "கிடங்கு எனக்கு வேணும், அதுலயும் பொய் இல்ல. ஆனா எங்கம்மா குளியலறையில விழுந்து, உள்தாழ்ப்பாள் மாட்டிக் கிடந்தப்ப, அரை நிமிஷத்துல திறந்து காப்பாத்திக் குடுத்தவரு உங்கப்பா. காசுகூட வாங்கல. அவரு உசுரோட இருக்கும்போது அந்த வீட்டை விட்டுக் கிளப்பினா எனக்குச் சோறு இறங்காது. இல்லாம போயிட்டா அது வேற. அப்புறம் வியாபாரம் வியாபாரம்தான். என்கிட்ட உண்மையச் சொல்லு. அண்ணன் எப்படி இருக்காரு? இன்னும் கொஞ்ச நாள் இருப்பாரா?"

அவள் அவர் முகத்தை நேராகப் பார்த்தாள். தரையைப் பார்த்துச் சொன்னால் கண்டுபிடித்துவிடுவார்.

"இருப்பாரு சித்தப்பா. காலையில தெளிவா பேசினாரு. பால்கூடக் குடிச்சாரு."

"பால் குடிச்சாரா?"

"அரை டம்ளர்."

அவர் பெருமூச்சு விட்டார். வாங்க முடியாமல் போகிற வருத்தமும் அதில் இருந்தது. "சரி, இருக்கட்டும் மகராசன்" என்று சொல்லிவிட்டுத் தன் அட்டையைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டார். அதிகாரி அவளை இன்னும் ஒரு படி மட்டும் ஏற்றச் சொல்லி, மூன்று தடவை கேட்டு, சுத்தியலைத் தட்டினார். பதினொன்று ஐம்பத்திரண்டு. ஏலம் எடுத்தவர் என்று அப்பாவின் பெயரைச் சத்தமாக வாசித்தபோது யாரோ கை தட்டினார்கள். அவள் பேனாவை ஃபைலில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள்.

வீட்டில் டிவி தன்பாட்டுக்குச் சமையல் சொல்லிக்கொண்டிருந்தது. அம்மா கட்டிலருகே ஸ்டூலில் உட்கார்ந்திருந்தாள். அவளுடைய ஒரு கை போர்வைக்குள் இருந்தது.

"கிடைச்சிருச்சும்மா."

அம்மா தலையை மட்டும் ஆட்டினாள்.

"போர்வைக்குள்ள என்ன?"

அம்மா போர்வையை விலக்கிக் காட்டினாள். முதுகுவலிக்கு வைத்துக்கொள்ளும் ரப்பர் வெந்நீர்ப் பை. அப்பாவின் வலது கையை அதன்மேல் வைத்திருந்தாள். "சில்லுனு ஆயிட்டே வந்தது. வர்றவங்க தொட்டுப் பார்ப்பாங்கல்ல. ரெண்டு தடவை தண்ணி மாத்திட்டேன்" என்றாள். அவள் குரலில் ஏற்ற இறக்கமே இல்லை.

 மகள் சுவரோடு சாய்ந்து தரையில் உட்கார்ந்தாள். ஏலத்தில் நடந்ததையும், சிமெண்ட் கடைக்காரர் கேட்டதையும், தான் சொன்ன பதிலையும் ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மா கவனமாகக் கேட்டுக்கொண்டாள். கடைசியில், "இப்ப அழலாமா?" என்றாள்.

"இன்னும் பத்து நிமிஷம். நான் வந்தப்புறம்தான் போனாருன்னு இருக்கட்டும்."

பத்து நிமிடம் இருவரும் அப்பாவைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டரை ஆனதும் மகள் டிவியை நிறுத்தினாள். "அழும்மா" என்றாள்.

அம்மாவுக்கு அழுகை வரவில்லை. வாயைத் திறந்தாள், நெஞ்சில் ஓங்கி அறைந்துகொண்டாள். ஒன்றும் வரவில்லை. "வரமாட்டேங்குதுடி" என்று திகைத்துப்போய்ச் சொன்னாள். காலையில் அம்மாவின் வாயைப் பொத்திய தன் கையை மகள் ஒரு கணம் பார்த்தாள். பிறகு அவளே குரலெடுத்தாள். பாசாங்காக ஆரம்பித்தது பாதியில் நிஜமாகி அவளைக் கீழே தள்ளியது. தையல்காரம்மா நூல் ஒட்டிய சேலையோடு ஓடிவந்தாள்.

மரணச் சான்றுக்கு மகள் தன் மருந்துக்கடைக்குப் பின்னால் இருக்கும் மருத்துவரிடம் போனில் சொன்னாள். அப்பாவைப் பார்த்துவந்தவர் அவர்தான். "எதிர்பார்த்ததுதாம்மா. எத்தனை மணிக்கு?" என்றார். பன்னிரண்டரை என்றாள். எழுதிக்கொண்டார். அவ்வளவுதான் வேலை. காலை எட்டு பத்து என்ற நேரம் இனி இந்த உலகத்தில் இரண்டு பேருக்கு மட்டும் சொந்தம்.

ஒன்றரை மணிக்கு சிமெண்ட் கடைக்காரர் வந்தார். வாசலில் அவர் குரல் கேட்டு எல்லாரும் அந்தப் பக்கம் திரும்பியபோது அம்மா போர்வைக்குள் கையை விட்டு வெந்நீர்ப் பையை உருவி, கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். அவர் நேராக வந்து அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். 

"கை இன்னும் சூடா இருக்கே அண்ணி" என்றார். அப்பாவின் விரல்களை மடக்கப் பார்த்தார், மடங்கவில்லை. "கம்பியப் புடிச்சுப் புடிச்சே இரும்பாப் போன கை" என்று சொல்லி அந்தக் கையைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். "காலையில பால் குடிச்சாருன்னு பாப்பா சொல்லுச்சே. எப்படி அண்ணி திடீர்னு?"

அம்மா அவரை நிமிர்ந்து பார்த்தாள். அறைக்குள் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். எல்லாரும் அவள் வாயையே பார்த்தார்கள்.

"பால் குடிச்சாரு" என்று அம்மா ஆரம்பித்தாள். "அரை டம்ளர். போதும்னாரு. அப்புறம் ஒன்பதரைக்கு முகம் துடைச்சு விடச் சொன்னாரு, துடைச்சு விட்டேன். பத்து மணிக்கு அந்த ஜன்னலைத் திறக்கச் சொன்னாரு. தெருவைப் பார்த்துட்டே இருந்தாரு. ஏலத்தைப் பத்தித்தான் பேச்சு. உங்களைப் பத்திச் சொன்னாரு. அவன் வாயிலதான் வியாபாரி, மனசுல இல்லைன்னாரு."

சிமெண்ட் கடைக்காரர் துண்டால் முகத்தை மூடிக்கொண்டு குலுங்கினார். அம்மா நிறுத்தவில்லை. நிறுத்தத் தேவையில்லாதபோதும் நிறுத்தவில்லை. குரல் கொஞ்சம் கொஞ்சமாக இளகி, காலையிலிருந்து முதல்முறையாக அது அம்மாவின் குரல்போல இருந்தது.

"பதினோரு மணிக்கு என் கையைப் புடிச்சுக்கிட்டாரு. முப்பது வருஷத்துல அப்படிப் புடிச்சதே இல்ல. உன் நகையெல்லாம் போச்சே, உனக்கு ஒண்ணுமே பண்ணலயேன்னாரு. போங்க, இப்ப அது ஒண்ணுதான் குறைச்சல்னு சொன்னேன். சிரிச்சாரு. அப்புறம் அவ இன்னும் வரலயா, இன்னும் வரலயான்னு வாசலையே பார்த்தாரு."

"பொண்ணு வர்ற வரைக்கும் உசுரப் புடிச்சு வச்சிருந்திருக்காரு பாரேன்" என்று தையல்காரம்மா மூக்கை உறிஞ்சினாள்.

மகள் நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். ஒன்பதரைக்கு அவர் இல்லை, பத்துக்கு இல்லை, பதினொன்றுக்கு இல்லை. ஒவ்வொன்றும் பொய் என்று அவளைவிடத் தெரிந்தவர் யாரும் அந்த அறையில் இல்லை. 

"நான் வந்தப்புறம் என்னம்மா சொன்னாரு?" என்று கேட்டாள்.

எல்லாரும் திரும்பி அவளைப் பார்த்தார்கள். பாவம், அதிர்ச்சியில் பேசுகிறாள் என்று யாரோ முணுமுணுத்தார்கள். அம்மா மட்டும் ஆச்சரியப்படவில்லை.  ஸ்டூலை நகர்த்திப் பக்கத்தில் இடம் விட்டாள்.

"இப்படி வந்து உக்காரு, சொல்றேன்" என்றாள்.

மகள் போய் உட்கார்ந்தாள்.