தேசிய கீதத்தில் ஒரு பிழை

கிறிஸ்துமஸ் அன்று மதியம் மூன்று மணிக்குப் பிரிட்டிஷ் அரசர் தொலைக்காட்சியில் பேசுவார். அதற்குள் வான்கோழியைச் சாப்பிட்டு முடித்திருக்க வேண்டும் என்பது கிரிம்ஸ்பியில் எங்கள் வீட்டுச் சட்டம். உரைக்கு முன் தேசிய கீதம் வாசிப்பார்கள். அப்பா எழுந்து நின்று முழுக் குரலில் பாடுவார். அவருடைய அக்கா டோரீன் அத்தைக்கு ராஜா, ராணி எதுவுமே ஆகாது. சரியாக அந்த நேரம் பார்த்துப் பாத்திரம் கழுவப் போய்விடுவாள்.

இந்த வருஷம் டிவியே வேண்டாம் என்றாள் அம்மா. செப்டம்பரில் வந்த பக்கவாதத்துக்குப் பிறகு அப்பாவின் வலது கை கொஞ்சம் தேறியிருந்தது; பேச்சு வரவில்லை. பேச்சுப் பயிற்சி கொடுக்க வந்த பெண் பூனைப் படத்தைக் காட்டினால் அது பூனை என்று அவருக்குத் தெரியும். வாயைத் திறந்தால் வெறும் காற்று. ஒரு நாள் அழுதுவிட்டார். அதன்பின் முயலவே இல்லை.

“பாடப் போய், வரலைன்னா? எல்லார் முன்னாடியும் அழணுமா அவர்?” என்று அடுக்களையில் என்னிடம் கிசுகிசுத்தாள் அம்மா. ரிமோட் அவள் பைக்குள் இருந்தது.

மூன்று மணி நெருங்க, அப்பா இடது கையால் மேசையைத் தட்ட ஆரம்பித்தார். கிறிஸ்துமஸ் விருந்தில் எல்லாரும் போட்டுக்கொள்ளும் காகிதக் கிரீடம் அவர் தலையில் சரிந்திருந்தது. நாங்கள் காதில் விழாதவர்கள்போல் புட்டிங் தின்றோம். தாங்கமாட்டாமல் டோரீன் அத்தைதான் அம்மாவின் பைக்குள் கையை விட்டாள்.

“நீயா? உனக்குத்தான் ராஜாவே ஆகாதே!” என்றாள் அம்மா.

“இப்பவும் ஆகாதுதான் பிரெண்டா. ஆனா இவன் என் தம்பியாச்சே.”

வாத்தியங்கள் முழங்கின. அப்பா மேசையை ஊன்றி எழுந்தார். தாங்கப் போன என் கையைத் தட்டிவிட்டார். உதடுகள் அசைந்தன, சத்தம் இல்லை. முதல் வரி போயிற்று. அம்மா தட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

இரண்டாம் வரியில் குரல் வந்தது. கரகரவென்று, ஆனால் சொற்கள் முழுசாக, ஒன்றன்பின் ஒன்றாக. ராஜா என்று வர வேண்டிய இடத்தில் மட்டும் ராணி என்று பாடினார். பிறந்ததிலிருந்து பாடிய ராணி, நாக்கை விட்டு அவ்வளவு லேசில் இறங்குவாளா?

“ராணி போய்ச் சேந்தாச்சுடா மடையா! இப்ப ராஜா!” என்று கத்தினாள் அத்தை.

அப்பா நிறுத்தினார். கீதம் முடிந்து அரசர் பேசத் தொடங்கியிருந்தார். அப்பா அத்தையை முறைத்தார். பிறகு அதே மெட்டில், எழுத்து எழுத்தாக, இழுத்துப் பாடினார்.

“டோ… ரீன்… வா… யை… மூ… டு.”

அம்மா வீறிட்டாள். அத்தை தம்பியைக் கட்டிக்கொண்டு அழுகையும் சிரிப்புமாக, “இன்னொரு தரம் திட்டுடா! நல்லா திட்டு!” என்றாள்.

திட்டினார். இந்த முறை தெருவுக்கே கேட்டிருக்கும். அப்புறம் அம்மா பக்கம் திரும்பி, மெட்டு மாறாமல், இன்னும் கஸ்டர்ட் கேட்டார். அம்மா ஜாடியையே தூக்கி அவர் முன்னால் வைத்தாள்.

அரசர் அந்த வருஷம் என்ன பேசினார் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.