நாற்பத்தோராவது தலை

ஹிஷினுமாவுக்கு ஏழு வருஷமாக ஒரே கனவு. பெண்கள் சிறையின் தையல் கூடத்தில், காவல் மேடையில் நின்று தலைகளை எண்ணுகிறாள். இருப்பது நாற்பது கைதிகள். கனவில் மட்டும் நாற்பத்தொன்று வருகிறது. ஒரு தலை குறைந்தால் சைரன் ஊதலாம். கூடினால் என்ன செய்வதென்று எந்தப் பயிற்சியில் சொல்லித் தந்தார்கள்?

விழித்திருக்கும்போது ஆள் கெட்டி. வாசல் காவல், குளியலறைக் காவல் என்று ஒவ்வொரு படியாக ஏறி இந்த மேடைக்கு வந்தவள். பதவி உயர்வுத் தேர்விலும் தேறிவிட்டாள். மேலதிகாரி குராமொச்சி நாளை நல்லதாக நாலு வரி எழுதினால் போதும், தொப்பியில் தங்கக் கோடு ஏறிவிடும்.

அங்கே வேலை நேரத்தில் அக்கம்பக்கம் பார்ப்பது குற்றம். கண்ணைத் தூக்குவதற்கும் கையைத் தூக்கி, காவலரை 'டீச்சர்' என்றழைத்துக் கேட்க வேண்டும்.

அன்று காலை அந்த வருஷத்தின் முதல் பனி விழுந்தது. உயர ஜன்னலில் பால்போல வெளிச்சம். மெஷின்களின் முனகலில் வெள்ளைத் துணிகள் மெல்ல ஊர்ந்துகொண்டிருந்தன. அப்போது வடக்கிலிருந்து அந்தக் கூவல் கேட்டது. வருஷா வருஷம் கடல் தாண்டி வரும் அன்னங்கள்.

முதலில் இசோபேயின் கால் நின்றது. எழுபது வயதுக்காரி, அடுத்த வாரம் முன்விடுதலை. பிறகு ஒவ்வொன்றாக எல்லா மெஷினும் ஓய்ந்தது. நாற்பது முகங்களும் ஜன்னலுக்குத் திரும்பின. வெண்மைக்குள் வெண்மையாக அன்னங்கள் போய்க்கொண்டே இருந்தன. ஹிஷினுமா விசில் ஊதியிருக்க வேண்டும். விசில் கையிலேயே இருந்தது.

"என்ன இது, மெஷின் சத்தத்தையே காணோம்?"

வாசலில் குராமொச்சி. அடுத்த நொடி நாற்பது மெஷினும் ஓடின. நாற்பது தலையும் ஒன்றும் அறியாததுபோல் குனிந்திருந்தன.

"மொதல்ல தலையத் தூக்குனது யாரு? பேரச் சொல்லு."

இசோபே மெஷினின் மிதியை இன்னும் வேகமாக அழுத்தினாள். பெயர் ஏறினால் முன்விடுதலை போச்சு.

"தெரியலங்க மேடம்."

"மேடையில நின்னுக்கிட்டுத் தெரியலயா? கண்ணு எங்க போச்சு?"

மின்சாரம் நின்றது என்று சொல்லியிருக்கலாம். பாவி மனுஷிக்குப் பொய் வரவில்லை.

"ஜன்னலுக்குப் போச்சுங்க. நானும் பாத்துட்டு நின்னேன்."

குராமொச்சி அவளையே பார்த்தாள். "நாளைக்கு உன்னப் பத்தி நல்லதா எழுதலாம்னு இருந்தேன்."

"தெரியுங்க."

"இப்ப இதத்தான் எழுதணும்."

"எழுதுங்க மேடம்."

குராமொச்சி நோட்டைத் திறந்தாள். பேனா சற்று நின்றது. "எத்தன அன்னம் போச்சு?"

"எண்ணலங்க."

குராமொச்சி எழுதிவிட்டுப் போனாள். ஹிஷினுமா தொப்பியில் தங்கக் கோடு ஏறவிருந்த இடத்தைத் தடவினாள். ஏழு வருஷம் நின்ற கால் அல்லவா.

சாப்பாட்டு மணி அடித்தது. வரிசையில் இசோபே கையைத் தூக்கினாள்.

"சொல்லும்மா."

"பதினேழுங்க டீச்சர்."

ஹிஷினுமா தலைகளை எண்ணத் தொடங்கினாள். நாற்பது வந்தது. உதடு தானாக நாற்பத்தொன்று என்றது. அந்தக் கூடுதல் தலை யாருடையது என்று இப்போது தெரிந்தது. மேடையை விட்டு இறங்கி, வரிசையின் கடைசியில் நடந்தாள்.