நான்காவது தூண்

எங்கள் காற்றாலை யார் யார் கைக்கு மாறியது என்று தெரிய வேண்டுமானால் பத்திரம் எதையும் புரட்ட வேண்டாம். உள்ளே ஏறினால் ஆலையைத் தாங்கும் நடுமரத்தில் கத்தியால் செதுக்கியே வைத்திருந்தார்கள். முதலில் கெரிட்ஜ், 1799. கட்டியவர் அவர்தான். அடுத்து அவருடைய மருமகன். அந்த மகராசன் காற்றடிக்கும் நாளில் சாராயக் கடையிலும் காற்றில்லாத நாளில் ஆலையிலும் இருந்தவன். அதனால் பாதிப் பங்கு ரொட்டிக்காரருக்குப் போயிற்று, பின்னாலேயே மீதியும் போயிற்று. ரொட்டிக்காரர் செத்தபின் ஏழு வருடம் அவர் மனைவி ஓட்டினாள், அவள் பெயர் மரத்தில் இல்லை. அவளிடம் வாங்கியவர் என் மாமனார் போரெட். அவருக்குக் கீழே என் புருஷன் ஜேபஸ். ஜேபஸ் செத்தபின் ஒன்பது வருடம் ஓட்டியது நான். என் பெயரும் அங்கே கிடையாது. நானே செதுக்கியிருக்கலாம், கையை யார் பிடித்தார்கள்? ஆம்பிளைகள் வரிசையில் போய் நிற்க ஒரு கூச்சம், அவ்வளவுதான்.

ஆலையின் மரம் எங்களுடையது, அடியிலிருக்கும் மண் பண்ணையாருடையது. எண்பது வருடக் குத்தகை. இங்கிலாந்தின் கிழக்கே எங்கள் சஃபோக் பக்கத்தில் இதில் ஒரு சிக்கலும் கிடையாது. இந்த மாதிரி ஆலை நான்கு செங்கல் தூண்களின் மேல் தன் பாரத்திலேயே உட்கார்ந்திருக்கும். ஆணி இல்லை, சுண்ணாம்பு இல்லை. குத்தகை முடிந்தால் உருளைக் கட்டை போட்டு, குதிரை கட்டி இழுத்துக்கொண்டு போய் வேறு வயலில் வைத்துக்கொள்ளலாம். என் தம்பி எனக்கென்று மேட்டு வயலில் நான்கு புதுத் தூண் கட்டி முடித்திருந்தான்.

குத்தகை முடியும் 1879-ம் வருடம் பண்ணையார் வீட்டுப் பிள்ளைகள் எல்லாவற்றையும் பீர் காய்ச்சும் முதலாளி ஒருவருக்கு விற்றுவிட்டார்கள். அவருக்கு ஆலையின் மேல் ஒரு கண். வக்கீல் வீட்டில் பேசி இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்டோம். ஆலை சும்மா உட்கார்ந்திருந்தால் நான் கொண்டுபோகலாம். மண்ணோடு எங்காவது பிணைத்திருந்தால் அது மண்ணுக்குச் சொந்தம். நான் சிரித்துக்கொண்டே போட்டேன். பிணைப்பாவது ஒன்றாவது!

செப்டம்பர் கடைசி, குத்தகையின் கடைசி நாளான மிக்கேல் திருநாளுக்கு இரண்டு நாள் முன், காலை. அக்கம்பக்கத்திலிருந்து பதினெட்டுக் குதிரைகள் வந்து நின்றன. பெண்கள் ரொட்டியும் பன்றிக்கறியும் கொண்டுவந்திருந்தார்கள். முதலாளியின் காரியஸ்தர் கிராக்னல், பளபளக்கும் பூட்ஸோடு வந்தார்.

"கெசியாக்கா, குதிரைங்க தயார்!" என்று கத்தினான் வண்டிக்காரன் சைலஸ். "ஆலை வரமாட்டேன்னா உன்னையாவது கட்டி இழுத்துட்டுப் போறோம்!"

"உன் குதிரைக்கு அவ்வளவு தெம்பு இருக்காடா? மொதல்ல அதுக்குத் தீனி போடு."

கிராக்னலும் சிரித்தார். "நகந்துச்சுன்னா ஒரு பீப்பா பீர் எங்க முதலாளி செலவு. நகரலேன்னாலும் பீர் உண்டு. ஆனா காசு குடுத்துக் குடிக்கணும்."

தூண்களைச் சுற்றி இருக்கும் வட்டச் சுவர் அறையிலிருந்து மூட்டைகளை அள்ளி வெளியே போட்டார்கள். கொல்லர் ஓபெத் திருகு ஜாக்கிகளை வைத்தார். ஓபெத் எங்கள் சபையில் பிரசங்கம் செய்கிறவர். ஞாயிறு வந்தால் பொய்யைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசுவார், எங்களில் பாதிப் பேர் தூங்குவோம். முதல் தூணில் மரம் ஒரு விரல் கடை மேலே வந்தது. இரண்டாவதிலும் வந்தது. மூன்றாவதிலும் வந்தது. கிராக்னலின் முகம் சுருங்கிக்கொண்டே போனது, எனக்கு வயிறு குளிர்ந்தது.

நான்காவது தூணில் ஜாக்கி முனகியது. மரம் வரவில்லை.

அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது.

பதினெட்டு வருடத்துக்கு முன், ஜேபஸ் கால் முறிந்து படுத்திருந்தபோது, ஒரு பிப்ரவரிப் புயல். ஆலை அந்த மூலையில் எழும்பி எழும்பி உட்கார்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன். மறுநாளே ஓபெத்தைக் கூட்டிவந்து, மரத்தையும் தூணையும் சேர்த்து ஒரு இரும்புப் பட்டை அடிக்கச் சொன்னேன். ஜேபஸிடம் மூச்சு விடவில்லை. "ஆடுற ஆலை நிக்கும், கட்டிப்போட்ட ஆலை முறியும்" என்பது அவர் வேதம். தெரிந்தால் நொண்டிக்கொண்டே வந்து பிடுங்கியிருப்பார். அதன் முன்னால் மூட்டையை அடுக்கினேன். மேலே மாவுத்தூசி படிந்தது. மறைத்து மறைத்து நானே மறந்துபோனேன். இப்படியும் ஒரு புத்தி கெட்டவள் உண்டா?

கிராக்னல் குனிந்து பார்த்தார். "இது என்ன, போரெட் அம்மா?"

ஓபெத்தான் பேசினார்.

"அதா? நான்தாங்க போன வாரம் போட்டேன். ஜாக்கி வைக்கும்போது சரிஞ்சுரக் கூடாதில்ல. இழுக்குற அன்னிக்குக் கழட்டிக்கலாம்னு."

"இவ்வளவு துருவா இருக்கு?"

"பட்டறையில கெடந்த பழைய இரும்பு. புது இரும்பு போட நான் என்ன ஜமீனா?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கிராக்னல் சிரிக்கவில்லை. "நீங்க பிரசங்கியார். ஆண்டவர் பேரால சொல்லுங்க, நான் விட்டுடறேன்."

ஓபெத் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று நான் தலையசைத்திருக்கலாம். ஒரு அசைவு போதும். மேட்டு வயலின் புதுத் தூண்கள் என் கண்ணுக்குள் நின்றன. நான் அசையவில்லை. இன்றுவரை எனக்குச் செரிக்காதது அதுதான்.

அவர் கையைத் தூக்கினார். "ஆண்டவர் சாட்சியா, போன வாரம் போட்டது."

கிராக்னல் சக்கரத்துக்குப் போடும் எண்ணெயைத் துணியில் நனைத்து, மெனக்கெட்டு மண்டிபோட்டு, பட்டையைத் துடைத்தார். பேனாக்கத்தியால் சுரண்டினார். துருவுக்கு அடியிலிருந்து என் பெயரின் முதலெழுத்தும் போரெட்டின் முதலெழுத்தும் வந்தன. பக்கத்தில் 61 என்று வந்தது. ஓபெத் தன் கையால் செய்த எதிலும் வருடம் அடிக்காமல் விட மாட்டார்.

சைலஸ் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, குதிரைகளை ஒவ்வொன்றாக அவிழ்த்தான்.

ஆலை போயிற்று. அடுத்த ஞாயிறு சபையில் பிரசங்கிகள் பட்டியலிலிருந்து ஓபெத்தின் பெயரையும் அடித்துவிட்டார்கள். நாற்பது வருடம் நின்ற இடத்தில் இனி அவர் நிற்க முடியாது. நான் பட்டறைக்குப் போனேன். என்ன சொல்வதென்று தெரியாமல் கத்தினேன்.

"பதினெட்டு வருஷத்துக்கு முன்னாடி எம் பேரை எதுக்கு அதுல அடிச்சீங்க? யாரு கேட்டா?"

அவர் துருத்தியை விட்டுவிட்டு உட்கார்ந்தார்.

"யாரும் கேக்கலம்மா. கால் ஒடிஞ்சவனைப் பாத்துக்கிட்டு, அந்தக் காத்துல ஒத்தையா ஆலையை ஓட்டினவ நீ. உள்ள மரத்துல ஆம்பளைங்க பேரா இருக்கு. எங்கயாவது ஒரு ஓரத்துல உம் பேரும் இருக்கட்டுமேன்னு ஆசையா அடிச்சேன்."

நான் அங்கேயே தரையில் உட்கார்ந்து அழுதேன். அவர் தடுக்கவில்லை.

இப்போது ஆலையை இப்ஸ்விச் பட்டணத்திலிருந்து வந்த ஒருவன் கூலிக்கு ஓட்டுகிறான். உள்ளே சுத்தமாக இருக்கட்டும் என்று நடுமரத்துக்கு வெள்ளையடித்துவிட்டார்களாம். கெரிட்ஜும் மருமகனும் ரொட்டிக்காரரும் என் மாமனாரும் ஜேபஸும் ஒரே பூச்சில் போனார்கள். நான்காவது தூணில் இருக்கும் பட்டைக்கு மட்டும் வருடத்துக்கு ஒருமுறை எண்ணெய் போடச் சொல்லி கிராக்னலின் உத்தரவு. நாளைக்கு யாராவது வழக்குப் போட்டால் காட்ட வேண்டுமே, என் பெயர் துருப்பிடித்துவிடக் கூடாது என்று.